எஃப்1 எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்

கேள்வி: ஐயா, நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ரப்பர் ஷீட் வாங்கும் கடைகளுக்கான கணக்கு மென்பொருள்தான் எங்களுக்குச் சோறு போடுவது. குலசேகரம், அருமனை, திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கத்துக் கடைகளில் ஓடுகிறது. 1999இல் விஷுவல் பேசிக் 6இல் எழுதியது. எஃப்1 விசையை அழுத்தினால் திறக்கும் தமிழ் உதவிக் கோப்பு பழைய எச்எல்பி வகை. ஏறக்குறைய 600 பக்கங்கள். கடைக்காரர்கள் புதுக் கணினி வாங்கினால் உதவி வருவதில்லை. சில கடைகளில் எங்கள் அலுவலகப் பையன் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலிருந்து ஒரு நிரலை எடுத்துப் போட்டுச் சமாளித்திருக்கிறான். எங்கள் முதலாளி அண்ணாச்சி, "மாற்றித் தரும் மென்பொருள் கிடைக்கிறதே, ஒரு வாரத்தில் சிஎச்எம் ஆக்கிவிடு" என்கிறார். எச்எல்பிக்கு அடுத்து வந்த உதவிக் கோப்பு வகை அது. செய்து பார்த்தேன். இடப்பக்கப் பொருளடக்கம் முழுவதும் கேள்விக்குறிகள். மூலக் கோப்புகளில் பாதி இல்லை. அவற்றை எழுதியவர் வளைகுடாவுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. சிஎச்எம், இணையம், பிடிஎஃப், இவற்றில் எதற்குப் போவது? எங்கிருந்து தொடங்குவது? வேலை முடிந்ததும் பழைய கோப்பை அழித்துவிடலாமா?
தக்கலை வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை அந்தக் கேள்விக்குறிகள். அவை மட்டும் வராமல் இருந்திருந்தால், முதலாளி சொன்ன ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து எல்லாக் கடைகளுக்கும் அனுப்பியிருப்பீர்கள். பிறகு என்ன நடந்திருக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு சொந்தக் கதை இருக்கிறது, சற்றுப் பொறுங்கள்.

முதலில் கேள்விக்குறி ஏன் வந்தது என்று பார்ப்போம். நீங்கள் செய்த பிழை அதில் எதுவும் இல்லை. சிஎச்எம் என்கிற எச்டிஎம்எல் ஹெல்ப் 1997இல் வந்தது. அதன் உள்ளே இருப்பவை எச்டிஎம்எல் என்ற இணையப் பக்க வடிவம் என்பதால் யூனிகோட் (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழ் அவற்றில் ஒழுங்காகத் தெரியும். ஆனால் பொருளடக்கம், சொல்லடைவு, தேடல் ஆகிய மூன்றும் அதற்கு முந்தைய காலத்து ஏற்பாட்டில் நிற்பவை. விண்டோஸ் ஒவ்வொரு மொழிக்கும் 'கோட் பேஜ்' என்று ஓர் எழுத்து அட்டவணை வைத்திருந்ததே, அதை நம்பி இயங்குகின்றன. ரஷ்ய மொழிக்கு அந்த அட்டவணை உண்டு, அரபு மொழிக்கு உண்டு, தாய்லாந்து மொழிக்கும் உண்டு. கணினியின் அடிப்படை அட்டவணையாக வைத்துக்கொள்ளும்படி தமிழுக்கு அப்படி ஒன்று தரப்படவே இல்லை; இந்திக்கும் இல்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் நுழைந்தபோது நேரடியாக யூனிகோடாகத்தான் நுழைந்தது. ஆகவே சிஎச்எம்மின் இடப்பக்கத்துக்குத் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாது. நீங்கள் எத்தனை முறை தொகுத்தாலும், அமைப்புகளில் எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது கேள்விக்குறியைத்தான் காட்டும். பொருளடக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஆங்கிலத் தலைப்பைப் படித்துத் தமிழ்ப் பக்கத்துக்குப் போகிற கடைக்காரர் அருமனையில் எத்தனை பேர் என்று அவரிடமே கேளுங்கள்.

சிஎச்எம்முக்குப் போக வேண்டாம் என்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. உங்கள் கடைகளில் எடை போடும் இடத்தில் ஒரு கணினி, பணம் கொடுக்கும் மேசையில் ஒரு கணினி, இரண்டுக்கும் பொதுவாக ஒரே கோப்புறை என்ற ஏற்பாடு இருக்கும். 2005இல் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, வேறொரு கணினியின் கோப்புறையில் இருக்கும் சிஎச்எம் கோப்பைத் திறந்தால் பொருளடக்கம் வரும், பக்கம் வராது. மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பும் அப்படியே. அதன் பண்புகளுக்குள் போய்த் தடையை நீக்கினால்தான் படிக்க முடியும். "திறக்கிறது, ஆனால் வெள்ளையாக இருக்கிறது" என்று தொலைபேசி வரும். எதிர்முனையில் இருப்பவருக்கு வலது சொடுக்கைப் புரியவைப்பதற்குள் உங்களுக்குத் தொண்டை வற்றிவிடும்.

இன்னொரு காரணம் இந்தத் துறையின் பழைய வரலாறு. விண்டோஸ் 3.0 உடன் 1990இல் எச்எல்பி வந்தது. அதற்கு மாற்றாகச் சிஎச்எம் வந்தது. அதற்கும் மாற்றாக ஹெல்ப் 2 வரப்போகிறது என்று 2001இல் சொன்னார்கள். பலரும் அதற்காகத் தங்கள் வேலையைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தார்கள். நானும் அதில் ஒருவன். 2003இல், பொதுப் பயன்பாட்டுக்கு அது வராது என்று கைவிரித்துவிட்டார்கள். 2006, 2007இல் விஸ்டா வந்தபோது எச்எல்பியைத் திறக்கும் நிரலையே விண்டோஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் தனியாக இறக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று விண்டோஸ் 8.1 வரை ஒரு வழி இருந்தது. விண்டோஸ் 10இல் அதுவும் அடைபட்டது. இத்தனைக்கும் நடுவில் 1990களில் எழுதிய ஒரு சாதாரண எச்டிஎம்எல் பக்கம் இன்றைக்கும் எந்த உலாவியிலும் திறக்கிறது. நான் இதைத் தாமதமாகத்தான் கற்றேன்.

ஆகவே என் பரிந்துரை: வெறும் எச்டிஎம்எல் கோப்புகள், மென்பொருளோடு சேர்ந்தே கடைக்காரரின் கணினியில் ஒரு கோப்புறையில் இருக்கட்டும். அதே கோப்புகளின் நகலை உங்கள் நிறுவனத்தின் இணையதளத்திலும் ஏற்றி வையுங்கள். கைபேசியில் பார்க்க விரும்புபவர் பார்க்கட்டும். இணையம் மட்டுமே என்று போய்விடாதீர்கள். கடையாலுமூட்டிலும் பேச்சிப்பாறைப் பக்கத்திலும் மழை வலுக்கும் நாளில் கைபேசிக் கோபுரம் என்ன பாடு படும் என்பது உங்களுக்குத் தெரியும். ஷீட்டைச் சுமந்துகொண்டு வந்தவர் வாசலில் நிற்கும்போது உதவிப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் கடைக்காரர் உங்களைத்தான் ஏசுவார். பிடிஎஃப் அச்சிட்டுக் கொடுக்க நல்லது, எஃப்1 விசைக்கு நல்லதல்ல. எடைத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க நாலு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள், அவ்வளவு போதும். ரோபோஹெல்ப், மேட்கேப் ஃபிளேர் போன்ற, உதவிக் கோப்பு தயாரிக்கும் பெரிய கருவிகள் தரமானவைதான். ஆனால் ஒரே ஒரு உதவிக் கோப்பு வைத்திருக்கும் சிறிய நிறுவனத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

இனி என் கதை. 2007 வாக்கில், காலை ரயிலில் திருவனந்தபுரம் போய் இரவு ரயிலில் நாகர்கோவில் திரும்பிக்கொண்டிருந்த காலம். நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு மருந்துக்கடை மென்பொருள் ஒன்று இருந்தது. உங்களைப் போலவே எச்எல்பி. உங்கள் முதலாளியைப் போலவே எங்கள் மேலாளர். மாற்றும் மென்பொருளை வாங்கி ஒரு சனி, ஞாயிறில் முடித்தோம். பக்கங்கள் அழகாக வந்தன, படங்கள் வந்தன, இணைப்புகள்கூட வேலை செய்தன. திங்கட்கிழமை இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். எந்தத் திரைக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் திரை எண்களை மட்டும் அந்த மென்பொருள் தன் இஷ்டப்படி 1, 2, 3 என்று புதிதாகப் போட்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. காலாவதியான மருந்தைக் கணக்கிலிருந்து நீக்கும் திரையில் நின்று எஃப்1 அழுத்தினால், ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா இருப்பையும் பூஜ்யமாக்கும் பக்கம் திறந்தது. ஒரு கடைக்காரர் அதில் சொல்லியிருந்ததை வரி பிசகாமல் செய்துவிட்டார். முந்தைய நாள் பேக்அப் இருந்ததால் தப்பித்தோம். உதவி கிடைக்காதவர் தொலைபேசியில் கூப்பிடுவார். தவறான உதவி கிடைத்தவர் கூப்பிட மாட்டார், சொன்னபடி செய்துவிடுவார். அன்றிலிருந்து உதவிக் கோப்பை மாற்றும் வேலை என்றால் நான் முதலில் கேட்பது எண் பட்டியலைத்தான்.

உங்கள் மென்பொருளின் ஒவ்வொரு திரையிலும், சில கட்டங்களிலும், 'ஹெல்ப் கான்டெக்ஸ்ட் ஐடி' என்று ஓர் எண் பொதிந்திருக்கும். எஃப்1 அழுத்தினால் மென்பொருள் அந்த எண்ணைத்தான் உதவிக் கோப்பிடம் நீட்டுகிறது. எந்த எண்ணுக்கு எந்தப் பக்கம் என்பது உதவித் திட்டக் கோப்பின் 'மேப்' பகுதியில் எழுதப்பட்டிருக்கும். எச்பிஜே என்று முடியும் அந்தச் சிறிய கோப்பு உங்களிடம் இருந்தால் இன்றே மூன்று இடங்களில் நகல் எடுங்கள். இல்லாவிட்டாலும் கலங்க வேண்டாம். எச்எல்பி கோப்பைப் பிரித்துத் தரும் ஹெல்ப்டெகோ என்ற இலவச நிரல் இருக்கிறது. அது மூலத்தை ஆர்டிஎஃப் என்ற, எழுத்துரு விவரமும் சேர்ந்த உரைக் கோப்பாகவும் திட்டக் கோப்பாகவும் திரும்பத் தரும். பக்கங்களுக்கு எழுதியவர் வைத்த பெயர்கள் மட்டும் சில இடங்களில் திரும்பாது. எச்எல்பி அந்தப் பெயர்களை அப்படியே சேமிப்பதில்லை, அவற்றிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணை மட்டும் சேமிக்கிறது. அதனால் நிரல் தானாக ஏதாவது பெயர் சூட்டிவிடும். ஆனால் உங்களுக்கு வேண்டிய திரை எண்கள் கோப்புக்குள் அப்படியே இருக்கின்றன, அவை தப்பாமல் கிடைக்கும். வளைகுடாவுக்குப் போனவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அதே நேரம் மறுமுனையிலிருந்தும் எண்ணுங்கள். விஷுவல் பேசிக்கின் படிவக் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள். அவற்றைத் திறந்து எந்தெந்தத் திரையில் என்ன எண் இருக்கிறது என்று எடுத்துவிடலாம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். திரையில் எண் இருக்கும், பக்கம் இருக்காது. பக்கம் இருக்கும், அதைக் கேட்கும் திரை எப்போதோ எடுக்கப்பட்டிருக்கும். 2017க்குப் பிறகு அவசரத்தில் சேர்த்த ஜிஎஸ்டி திரைகளில் எண்ணே இல்லாமல் பூஜ்யம் கிடக்கும். கடைக்காரர்கள் இன்று அதிகம் தடுமாறும் இடமும் அதுவாகத்தான் இருக்கும்.

புதிய எச்டிஎம்எல் கோப்புகளுக்கு அந்த எண்ணையே பெயராக வையுங்கள். திரை எண் 2040 என்றால் கோப்பின் பெயரும் 2040. அழகாக இல்லைதான். ஆனால் மென்பொருளில் மாற்ற வேண்டிய நிரல் வரிகள் பத்துக்குள் அடங்கிவிடும்: எண்ணை எடு, அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா பார், இருந்தால் திற, இல்லாவிட்டால் முதல் பக்கத்தைத் திற. பல விஷயங்களை ஒரே நீளக் கோப்பில் போட்டு, நடுவில் ஓர் இடத்துக்குத் தாவச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். கணினியிலேயே இருக்கும் கோப்பை மென்பொருளிலிருந்து திறக்கும்போது, முகவரியின் கடைசியில் இருக்கும் அந்தத் தாவல் குறியை விண்டோஸ் பல நேரம் வழியிலேயே விழுங்கிவிடும். பக்கம் எப்போதும் தலையிலிருந்துதான் திறக்கும். ஒரு திரைக்கு ஒரு கோப்பு என்று வைத்தால் அந்த வம்பே இல்லை.

இவ்வளவும் வழி அமைப்பதுதான். அந்த வழியில் எதைக் கொண்டுபோவது என்பதில்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போகும், போக வேண்டும்.

ரப்பர் கடைகளுக்கு மென்பொருள் செய்யும் உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: ரப்பர் பாலை அரித்துவிட்டுத்தான், உறைவதற்கு ஆசிட் சேர்ப்பார்கள். உறைந்த பிறகு உள்ளே சிக்கிய பட்டைத்துணுக்கை யாராலும் எடுக்க முடியாது. உருளையில் அழுத்தி, புகையில் காயவைத்துக் கடைக்குக் கொண்டுபோனால், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துத் தரத்தில் ஒரு படி இறக்கிவிடுவார்கள். உதவிக் கோப்பை மாற்றும் மென்பொருளும் ஆசிட் மாதிரிதான். கையில் கிடைத்ததை அப்படியே உறையவைக்கும். முதலில் அரியுங்கள்.

உங்கள் கோப்பில் என்னென்ன கிடக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். 1999இல் எழுதியபோது 1959ஆம் ஆண்டுப் பொது விற்பனை வரிச் சட்டம். அதற்கான பக்கங்கள் இருக்கும். 2007 ஜனவரி 1இல் வாட் என்கிற மதிப்புக்கூட்டு வரி வந்தது. அதற்குச் சில டஜன் பக்கங்கள் சேர்ந்திருக்கும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி. அதற்கு அங்கங்கே ஒட்டுப்போட்டிருப்பார்கள். பழையதை எடுக்க யாருக்கும் துணிவு வந்திருக்காது. பிளாப்பியில் பேக்அப் எடுப்பது எப்படி, டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் தாள் நகர்ந்தால் என்ன செய்வது என்பவையும் இருக்கும். (இந்த இரண்டாவதைத் தூக்கி எறிவதற்கு முன் விசாரியுங்கள். குலசேகரத்தில் இன்னும் கிறீச்சிட்டுக்கொண்டு அச்சடிக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.)

ஒரு விரிதாளைத் திறந்து, பக்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். எண், தலைப்பு, எந்தத் திரையிலிருந்து வருகிறார்கள், உள்ளே இருப்பது இன்றும் உண்மையா, என்ன செய்யப்போகிறோம். கடைசிக் கட்டத்தில் நாலே சொல்தான் வர வேண்டும்: வைப்பது, திருத்துவது, சேர்ப்பது, விடுவது. 'பிறகு பார்க்கலாம்' என்று ஐந்தாவது சொல்லுக்கு இடம் கொடுக்காதீர்கள். பாதிக் கோப்பு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 'சேர்ப்பது' என்பதில்தான் எண்ணிக்கை மளமளவென்று குறையும். எச்எல்பி காலத்தில் திரைகள் சிறியவை. ஒரு விஷயத்தைத் துண்டு துண்டாக வெட்டி, சொல்லைத் தொட்டால் சின்னப் பெட்டி மேலெழுந்து விளக்கம் சொல்லும்படி எழுதுவதுதான் அன்றைய வழக்கம். அந்தப் பெட்டி ஒவ்வொன்றும் கணக்கில் ஒரு பக்கம். 'ஒட்டுப்பால்' (மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர்) என்றால் என்ன என்று விளக்க ஒரு பெட்டி, 'ஈரக் கழிவு' (ஈரத்துக்காக எடையில் கழிப்பது) என்றால் என்ன என்று ஒரு பெட்டி. அவற்றை அந்தந்தப் பக்கத்தின் வரியிலேயே எழுதிவிடலாம். ஒட்டுப்பாலுக்குக் கடைக்காரருக்கு விளக்கமே தேவையில்லை. வேண்டுமானால் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்கும். 600 என்று நீங்கள் பயப்படுவது அரித்த பிறகு இருநூற்றைம்பதைத் தாண்டினால் எனக்கு வியப்பாக இருக்கும்.

எதை வைப்பது என்று தீர்மானிக்க நீங்கள் மட்டும் போதாது. கடைக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டால் யார் எடுக்கிறார்களோ, அவர் மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். இரண்டு வாரத்துக்கு, வந்த கேள்வியை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். "சரக்கு வந்ததைத் தப்பாகப் போட்டுவிட்டேன், பில் போய்விட்டது, இப்போது எப்படித் திருத்துவது?" இந்தக் கேள்வி அந்த நோட்டில் பத்து முறை வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். உங்கள் 600 பக்கத்தில் அதற்கு நேரான பதில் ஒரு பக்கத்தில்கூட இருக்காது. 'கொள்முதல் திருத்தம்' என்ற தலைப்பில், ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் சொல்லும் பக்கம் இருக்கும். அப்படித்தான் எல்லோரும் எழுதினோம். அந்த நோட்டு நிறைந்ததும், முதலில் எழுத வேண்டிய முப்பது பக்கங்கள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி தமிழ் எழுத்து. 1999 என்றால் டாம், டாப், வானவில், பாமினி என்று ஏதாவது ஓர் எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். இவை யூனிகோட் அல்ல. வேறு எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தவை. யூனிகோடாக மாற்றும் கருவிகள் நிறைய உண்டு. மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: கோப்பை வெறும் உரையாகச் சேமித்துவிட்டு மாற்றாதீர்கள். ஆர்டிஎஃப் கோப்பில் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பது பதிவாகியிருக்கும். வெறும் உரையானால் அந்தத் தகவல் போய்விடும். பிறகு எது பழைய எழுத்துருத் தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று கருவிக்குத் தெரியாது. நடுவில் ஆங்கிலத்தில் இருக்கும் விசைப் பெயர்களையும் கோப்புப் பெயர்களையும் தமிழாக நினைத்துக் குதறிவைக்கும். தமிழ் எழுத்துருவில் இருக்கும் பகுதிகளை மட்டும் மாற்றும்படி ஒரு சிறிய மேக்ரோ எழுதினால் போதும்.

மாற்றிய பிறகும் ஒரு முறை கண்ணால் படிக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி எல்லாம் எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டவை. யூனிகோடில் அவை பின்னால் வர வேண்டும். வரி முறியும் இடங்களில் கருவி தடுமாறும். அதைவிடத் தந்திரமான பிழை, காலுக்குப் பதிலாக 'ர' தட்டியிருப்பது. அன்று இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தன, யாரும் கவலைப்படவில்லை. இப்போதும் படிப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும், தேடலில் மட்டும் அந்தச் சொல் அகப்படாது. 'எ' வருமிடத்தில் 7 என்பதற்கான பழைய தமிழ் எண் உட்கார்ந்திருப்பதும் உண்டு. எழுத்துரு சேர்த்து அனுப்பும் தொல்லை இனி இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்ற எழுத்துரு கூடவே வருகிறது.

தேடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் எச்டிஎம்எல்லுக்குப் போகிறவர்கள் அங்கேதான் தமிழை மறக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் தேடல் நிரல்கள் ஆங்கிலச் சொல்லை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 'கணக்கு' என்று தேடினால் 'கணக்கை', 'கணக்கில்', 'கணக்கோடு' எதுவும் வராது. கடைசி உயிர்க்குறி மாறிவிடுகிறதே. தேடும் சொல்லின் கடைசிக் குறியை நீக்கிவிட்டு, அதில் தொடங்கும் எல்லாச் சொல்லையும் காட்டும்படி செய்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். 'பணம்', 'பணத்தை' போன்றவற்றுக்கு இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும். இதைவிட நல்ல வழி உங்கள் பழைய ஆர்டிஎஃப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் 'கே' என்ற ஆங்கில எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கும். சொல்லடைவுக்காக எழுதியவர் கையால் சேர்த்த சொற்கள் அவை. மாற்றும் மென்பொருள்கள் இவற்றைச் சில நேரம் மூலையில் போட்டுவிடும். விடாதீர்கள். அந்தச் சொற்களோடு தொலைபேசி நோட்டில் விழுந்த சொற்களையும் சேருங்கள். நீங்கள் 'ரசீது' என்று எழுதியிருப்பீர்கள், அவர் 'பில்' என்று தேடுவார். நீங்கள் 'இருப்பு', அவர் 'ஸ்டாக்'. நீங்கள் 'ஒட்டுப்பால்', களியக்காவிளைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவேளை 'ஸ்க்ராப்'. இரண்டில் எந்தச் சொல்லைத் தேடினாலும் அதே பக்கம் திறக்க வேண்டும். இன்னொரு தொழில்நுட்பக் குறிப்பு: கணினியிலேயே இருக்கும் பக்கம், அருகிலிருக்கும் இன்னொரு கோப்பிலிருந்து தரவை இழுப்பதை உலாவிகள் தடுக்கின்றன. ஆகவே தேடல் பட்டியலை ஜேசான் என்ற தனித் தரவுக் கோப்பாக வைக்காமல், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுங்கள். அலுவலகச் சேவையகத்தில் சோதித்து "வேலை செய்கிறது" என்று நினைத்துக் கடையில் போய் முழிப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

பழைய கோப்பில் சில பொத்தான்கள், அழுத்தினால் மென்பொருளின் திரையையே திறக்கும்படி இருக்கலாம். உலாவி அதைச் செய்ய விடாது. எந்தப் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வார்த்தையில் எழுதிவிட்டு நகருங்கள்.

உங்கள் அலுவலகப் பையன் எக்ஸ்பியிலிருந்து எடுத்துப் போட்ட நிரலைப் பற்றி. அவனைத் திட்டாதீர்கள், கடைக்காரர் நெருக்கடியில் செய்திருக்கிறான். ஆனால் எந்தெந்தக் கடை என்று பட்டியல் எடுத்து, புதிய உதவி போகும் முதல் கடைகளாக அவற்றையே வையுங்கள். விண்டோஸ் தன் கோப்பு என்று பாதுகாத்துவைத்திருப்பதை உரிமை பறித்து மாற்றியிருப்பான். அடுத்த புதுப்பிப்பில் அது பழையபடி ஆகும். தவிர எச்எல்பி கோப்பு தனக்குள் இருக்கும் கட்டளைகளால் வேறு நிரல்களை இயக்கவல்லது. பணம் புழங்கும் கணினியில் அந்தக் கதவைத் திறந்துவைப்பது நல்லதல்ல.

எப்போது மாற்றுவது? மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் கை வைக்காதீர்கள். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பால் வரத்து மிகுந்த காலம். அப்போதும் கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. ஜூன், ஜூலையில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் மழை பிடித்துப் பால்வெட்டு தடைப்படும் நாட்கள் உங்களுக்குத் தோது. முதலில் இரண்டே கடை. ஒன்று அலுவலகத்துக்குப் பக்கத்தில், தயங்காமல் குறை சொல்லும் அண்ணாச்சி கடை. இன்னொன்று இரண்டு கணினி இணைத்த கடை. இரண்டு வாரம் ஓடட்டும். அதற்கும் முன்னால், எல்லாத் திரை எண்ணையும் வரிசையாகத் திறந்து காட்டும் ஒரு சின்ன நிரலை எழுதி, நீங்கள் ஒருமுறை, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் ஒருமுறை, விரிதாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் மருந்துக்கடைக் கதையைத் தடுத்திருக்கக்கூடியது அந்த அரை நாள் வேலைதான்.

முதலாளியிடம் என்ன சொல்வது? "ஒரு வாரம் போதாது" என்று மட்டும் சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். விரிதாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பட்டியல் எடுக்க ஒரு வாரம், அரிப்பதற்கு இரண்டு வாரம், எழுத்து மாற்றிப் படிக்க ஒரு வாரம், பக்கங்களை எழுதவும் திருத்தவும் நாளுக்கு எட்டுப் பக்கம் என்றால் ஒரு மாதத்துக்குச் சற்று மேல், சோதிக்க இரண்டு வாரம். ஏறக்குறைய மூன்று மாதம். நடுவில், அதிகம் கேட்கப்படும் அந்த முப்பது பக்கங்களை முதல் மாத முடிவிலேயே கடைகளுக்குக் கொடுத்துவிடலாம். மீதி எண்களுக்கு முதல் பக்கம் திறக்கும், அதில் உங்கள் அலுவலகத் தொலைபேசி எண் இருக்கும். தொலைபேசி குறைவதை அவரே பார்த்த பிறகு மீதி இரண்டு மாதத்துக்கு அதிகம் வாதாட வேண்டியிருக்காது, மக்களே.

பழைய கோப்பை அழிக்கவே வேண்டாம். எச்எல்பி, பிரித்தெடுத்த ஆர்டிஎஃப், திட்டக் கோப்பு, அந்தத் தமிழ் எழுத்துரு, நாலையும் ஒன்றாகக் கட்டி வையுங்கள். எழுத்துருவை மறந்தால் மற்ற மூன்றும் வெறும் கிறுக்கல். அலுவலகத்தில் அந்த எக்ஸ்பி கணினி இன்னும் உயிரோடு இருந்தால், இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு மூலையில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஏதாவது ஒரு கடைக்காரர், "பழைய உதவியில் ஈரக் கழிவு கணக்கிட ஒரு அட்டவணை இருந்ததே, அதை எங்கே காணோம்?" என்று நிச்சயம் கேட்பார். அதைத் தேடி எடுத்துப் புதிதில் சேர்த்து, விரிதாளில் 'விடுவது' என்றிருப்பதை 'வைப்பது' என்று திருத்திக்கொள்ளுங்கள்.